கந்தகத்தைத் தொலைத்த நீர்: கோலார் எரிமலைப் பாறைகளில் தங்கம் படிந்த முறை

1. கேள்வி

தருமபுரி, சேலம் பக்கத்துக் காட்டுமேடுகளில் வெங்கச்சங்கல் கிடக்காத இடம் குறைவு. உழவுக்கு இடைஞ்சல் என்று பொறுக்கி வரப்போரம் குவித்து வைத்திருப்பார்கள். நிலவியலார் அதைக் குவார்ட்ஸ் என்பர். கோலார் தங்கவயலில் 1880 தொடங்கி 2001 வரை பூமியைக் குடைந்து மேலே கொண்டுவந்ததும் பெரும்பாலும் குவார்ட்ஸைத்தான். அதை அரைத்துச் சுமார் 800 டன் தங்கம் எடுத்தார்கள். வரப்போரக் கல்லை எவ்வளவு அரைத்தாலும் வெள்ளை மாவுதான் மிஞ்சும். பாறை வெடிப்புகளில் சூடான நீர் இறக்கிவிட்டுப் போன சிலிகா இரண்டு இடத்திலும் உண்டு. தங்கம் ஏன் ஓரிடத்தில் மட்டும் கூடவே இறங்கியது?

'அங்கே எரிமலை இருந்தது, அது தங்கத்தைக் கக்கியது' என்று பாடநூல்களும் நாளிதழ்களும் எளிதாகப் பதில் சொல்லிவிடுகின்றன. கோலாரைப் பொறுத்தவரை இந்தப் பதில் நிற்காது. அங்குள்ள எரிமலைக் குழம்பு உறைந்து ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தங்கம் படிந்ததோ அதற்குப் பல கோடி ஆண்டுகள் கழித்து. தங்கம் வந்தபோது எரிமலை எப்போதோ அணைந்து, அதன் பாறை பல கிலோமீட்டர் ஆழத்தில் புதைந்து, உருமாறிக்கொண்டிருந்தது. ஆகவே எரிமலைக்கும் தங்கத்துக்கும் உள்ள தொடர்பை வேறு வழியில்தான் தேட வேண்டும். அந்த வழி கந்தகத்தின் வழி என்பது என் வாதம். தங்கம் நீரில் ஏறுவதும், பயணம் செய்வதும், இறங்குவதும் கந்தகத்தை ஒட்டியே நடக்கின்றன. எரிமலைப் பாறையின் முக்கியத்துவம் அதில் உள்ள கந்தகத்திலும் இரும்பிலும் இருக்கிறது.

2. இடம்

கோலார் சிஸ்ட் பட்டை தெற்கு வடக்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அகலம் சில கிலோமீட்டர்தான். கர்நாடகத்தில் உள்ள தங்கவயலிலிருந்து தெற்கே ஆந்திரத்துச் சிகர்குண்டா வழியாக வந்து, கிருஷ்ணகிரி மாவட்டத்து மகாராஜகடைப் பக்கத்தில் தமிழக எல்லைக்குள் நுழைகிறது. இரு பக்கமும் வெளிர்நிற நைஸ் பாறைகள். நடுவில் இந்தக் கரும்பச்சைப் பட்டை.

பட்டையின் பெரும்பகுதி ஆம்பிபோலைட். தொடக்கத்தில் இது கடலடியில் வழிந்த பசால்ட் குழம்பு. நீருக்குள் வழியும் குழம்பு தலையணை தலையணையாக உறையும். அந்த வடிவங்கள் உருமாற்றத்துக்குப் பிறகும் சில இடங்களில் அடையாளம் தெரிகின்றன. குழம்பு வழிந்த இடைவெளிகளில் கடலடியில் படிந்த இரும்புக்கல் பட்டைகளும் ஆம்பிபோலைட்டுக்கு நடுவே உண்டு. பிற்பாடு இவை அனைத்தும் 500 பாகை செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் வெந்து, மடிந்து, செங்குத்தாக நிமிர்ந்தன. கிழக்கு நைஸும் மேற்கு நைஸும் வெவ்வேறு வரலாறு கொண்ட நிலத்துண்டுகள் என்றும், அவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒன்றோடொன்று வந்து ஒட்டிய தையல்தான் கோலார் என்றும் 1989இல் 'சயின்ஸ்' இதழில் குரோக்ஸ்டாட், பாலகிருஷ்ணன், ராஜாமணி உள்ளிட்டோர் எழுதினர். இந்தத் தையல் பிறகு நமக்குத் தேவைப்படும்.

தங்கம் இரண்டு வகையில் கிடக்கிறது. கிழக்கே சாம்பியன் இழை. ஆம்பிபோலைட்டுக்குள் சுமார் 8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் குவார்ட்ஸ் இழை இது. மேற்பரப்பில் மேற்காகச் சாய்ந்து தொடங்கி, ஆழம் போகப் போகச் செங்குத்தாகிறது. அகலம் பல இடங்களில் ஒரு மீட்டரளவே. இந்த ஒரு மீட்டரைத் துரத்திக்கொண்டு 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை போனார்கள். அங்கே பாறையின் வெப்பம் 65 பாகையைத் தாண்டும். மேற்கே உள்ள சல்ஃபைடு இழைகள் வேறு ரகம். அவற்றில் இரும்புக்கல் பட்டைகளை ஒட்டிப் பிர்ரோடைட், ஆர்சனோபைரைட் போன்ற கந்தகக் கனிமங்கள் செறிந்து, அவற்றுக்குள்ளும் அவற்றை ஒட்டியும் தங்கம் இருக்கும். பழங்காலத்தவர் தோண்டிய குழிகளைப் பின்பற்றித்தான் சுரங்கம் நடத்திய ஜான் டெய்லர் கம்பெனியார் சாம்பியன் இழையைக் கண்டார்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் போன தமிழ்த் தொழிலாளிகள் அதன் அடி வரைக்கும் வெட்டினார்கள். தங்கத்தைச் சுமந்த அதே குவார்ட்ஸின் தூசிதான் அவர்களின் நுரையீரலையும் அரித்தது. இழையின் வேதியியலை எழுதும்போது இதையும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

சாம்பியன் இழையின் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தால் அது வரப்போர வெங்கச்சங்கல்லைப் போல வெள்ளை வெளேரென்று இருக்காது. புகை படிந்த நீலச்சாம்பல் நிறம். முழுக்கட்டியாகவும் இருக்காது, மெல்லிய கருங்கோடுகள் இழைக்கு இணையாக ஓடும். ஒவ்வொரு கோடும் சுவர்ப் பாறையிலிருந்து பிய்ந்து வந்த ஒரு சீவல். கண்ணுக்குத் தெரியும் தங்கம் அபூர்வம். தெரிந்தால் இந்தக் கோடுகளை ஒட்டியோ குவார்ட்ஸில் பிற்பாடு விழுந்த முடியளவு வெடிப்புகளிலோ தெரியும்.

3. தங்கம் நீரில் ஏறும் விதம்

தங்கம் எதிலும் கரையாது என்பது பொதுவான நம்பிக்கை. பத்தருக்குத் தெரியும், இராஜதிராவகத்தில் கரையும் என்று. அந்தத் திராவகத்தில் நைட்ரிக் அமிலம் தங்கத்தின் எலக்ட்ரானைப் பறிக்கிறது. குளோரைடு அந்தத் தங்க அயனியைச் சூழ்ந்து பிடித்துக்கொள்கிறது. பறிப்பவன் மட்டும் இருந்தால் போதாது; பிடித்துக்கொள்பவனும் வேண்டும். வேதியியலில் இப்படிப் பிடிப்பதை ஈனி என்றும், இரண்டும் சேர்ந்ததை அணைவு என்றும் சொல்கிறோம். பூமிக்குள் தங்கம் பயணம் செய்வது பெரும்பாலும் அணைவாகத்தான்.

ஆழத்து வெப்பநீரில் தங்கத்துக்கு வாய்ப்பான ஈனிகள் இரண்டு. ஒன்று குளோரைடு. நீர் மிகச் சூடாக, உப்பாக, அமிலமாக, ஆக்சிஜனேற்றத் தன்மையோடு இருந்தால் குளோரைடு தங்கத்தைச் சுமக்கும். எரிமலைக்கு அடியில் பாறைக்குழம்பை ஒட்டிய ஆழங்களில் இது நடக்கலாம். மற்றது ஹைட்ரஜன் சல்ஃபைடிலிருந்து பிரியும் பைசல்ஃபைடு அயனி. டெரி சீவார்டு 1973இல் வெளியிட்ட ஆய்வு இதில் திருப்புமுனை. கந்தகம் கரைந்த நீரில் 160 முதல் 300 பாகை வரை, 1,000 பார் அழுத்தத்தில், இரும்புச் சல்ஃபைடுகளான பைரைட்டும் பிர்ரோடைட்டும் உடனிருக்கத் தங்கத்தின் கரைதிறனை அவர் அளந்தார். அமிலமும் காரமும் மிஞ்சாத நடுநிலை நீரில், ஒரு தங்க அயனியை இரண்டு பைசல்ஃபைடுகள் இருபுறமும் பிடித்த அணைவு நிறையத் தங்கத்தைச் சுமக்கும் என்பது அதில் தெளிவாயிற்று.

கோலார் நீர் எந்த ஈனியை நம்பியது? விடை குவார்ட்ஸுக்குள் இருக்கிறது. படிகம் வளரும்போது அதைச் சூழ்ந்திருந்த நீரின் துளிகள் உள்ளே சிக்கிக்கொள்கின்றன. மயிரிழையிலும் மெல்லிய அந்தக் குமிழிகளை நுண்ணோக்கியின் கீழ் உறையவைத்தும் சூடாக்கியும் பார்த்தால் உப்பின் அளவும் வாயுவின் வகையும் தெரியும். கோலார் குவார்ட்ஸில் சிக்கியிருப்பது உப்புக் குறைந்த நீரும் கரியமில வாயுவும். உலகின் பழைய பச்சைக்கல் பட்டைகளில் உள்ள தங்க இழைகள் பெரும்பாலும் இதே சாட்சியைத்தான் சொல்கின்றன. குளோரைடு குறைவு, எனவே சுமந்தது கந்தகம்.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. எனக்கு அதுவே அதிகம் பிடித்தது. செம்பு, ஈயம், துத்தநாகம் ஆகியவை பெரும்பாலும் குளோரைடைப் பற்றிக்கொண்டு பயணம் செய்யும் உலோகங்கள். கோலார் நீர் குளோரைடை நம்பியிருந்தால் தங்கத்தோடு இவையும் குவிந்திருக்க வேண்டும். நூற்றிருபது ஆண்டு வெட்டியும் கோலார் செம்புச் சுரங்கமோ ஈயச் சுரங்கமோ ஆகவில்லை. அங்கே இருந்தது தங்கம், கொஞ்சம் வெள்ளி, ஆங்காங்கே டங்ஸ்டன் தாதுவான ஷீலைட். உப்பில்லாத, கந்தகமுள்ள நீர் இப்படித்தான் ஆள் பார்த்து ஏற்றிக்கொள்ளும்.

போகிற போக்கில் ஒன்று. தாதுவை அரைத்துத் தங்கத்தைப் பிரிக்க ஆலைகளில் பயன்படும் சயனைடு முறை 1887இல் வந்தது. அங்கே சயனைடு ஈனியாக நிற்கிறது: ஒரு தங்க அயனி, இருபுறமும் இரண்டு சயனைடு, நேர்கோட்டு அமைப்பு. பைசல்ஃபைடு அணைவின் அச்சு இது. பூமி 250 கோடி ஆண்டுக்கு முன் ஓர் ஈனியால் ஏற்றி இறக்கியதை, ஆலையில் வேறோர் ஈனியால் மறுபடி ஏற்றி இறக்கினார்கள்.

4. கணக்கு

பசால்ட்டில் தங்கம் டன்னுக்கு ஒன்றிலிருந்து நான்கு மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். கோலாரில் ஆயுள் முழுக்க வெட்டிய தாதுவின் சராசரி டன்னுக்கு ஏறத்தாழ 15 கிராம். இரண்டு மில்லிகிராம் என்று வைத்தால் 7,500 மடங்கு செறிவு. இப்படிச் செறிய, தங்கம் மிகுந்த ஏதோ விசேஷ ஊற்று வேண்டுமென்று பலரும் எண்ணுவது இயல்பு. அது தேவையில்லை என்பதைப் பெருக்கல் வகுத்தலிலேயே காட்டலாம்.

எடுத்த 800 டன் என்பது 80 கோடி கிராம். ஒவ்வொரு டன் பசால்ட்டும் தன்னிடமுள்ளதில் பாதியை, அதாவது ஒரு மில்லிகிராமை விட்டுக்கொடுத்தது என்று கொள்வோம். அப்படியானால் 80,000 கோடி டன் பாறை வேண்டும். பாறையின் அடர்த்தி நீரைப்போல் மூன்று மடங்கு என்றால் கனஅளவு 270 கன கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் 80 கிலோமீட்டர் நீளமும் 4 கிலோமீட்டர் அகலமும் உள்ள பட்டையில் இது ஒரு கிலோமீட்டர் கூடப் பருமனில்லாத ஓர் அடுக்கு.

அடுத்து நீர். கடலடிப் பசால்ட் தண்ணீரை உறிஞ்சிக் குளோரைட் போன்ற கனிமங்களில் கட்டிவைத்திருக்கும். பாறை புதைந்து 450, 550 பாகை வெப்பத்தைக் கடக்கும்போது அந்தக் கனிமங்கள் சிதைந்து ஆம்பிபோலைட் உருவாகிறது. கட்டியிருந்த நீர் விடுபடுகிறது. எடையில் மூன்று விழுக்காடு என்று வைத்தால் மேற்சொன்ன பாறை தரும் நீர் 2,400 கோடி டன். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி.யைப் போல் ஒன்பது மடங்கு. 80 கோடி கிராம் தங்கத்தை இதில் கரைத்தால் டன்னுக்கு 33 மில்லிகிராம். கந்தகம் உள்ள வெப்பநீருக்கு இது பெரிய சுமையே இல்லை.

கணக்கில் ஓட்டைகள் உண்டு, மறைக்க வேண்டாம். ஏறிய தங்கம் முழுக்க இழையில் சிக்கியிருக்க முடியாது. பத்தில் ஒரு பங்குதான் சிக்கியது என்றால் பத்து மடங்கு பாறை வேண்டும். பட்டை எட்டு கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போயிருக்க வேண்டும். இழையின் மேற்பகுதி எவ்வளவு அரித்துக் கடலுக்குப் போனதோ, அதுவும் கணக்கில் வரவில்லை. ஆனாலும் சாதாரணப் பசால்ட்டே போதும் என்ற முடிவு அசையாது.

நீரோடு கந்தகமும் விடுபட வேண்டுமே? அதே வெப்ப வரம்பில் பைரைட் சிதைந்து பிர்ரோடைட் ஆகிறது. பைரைட்டில் ஓர் இரும்புக்கு இரண்டு கந்தகம். பிர்ரோடைட்டில் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று. மிஞ்சிய கந்தகம் நீருக்குப் போகிறது. பாறையிலுள்ள தங்கத்தின் ஒரு பகுதி பைரைட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதால், பூட்டும் சாவியும் ஒரே நேரத்தில் வெளியே வருகின்றன. நியூசிலாந்தின் ஒட்டாகோ சிஸ்ட் பாறைகளை அளந்து பிட்கெர்ன் குழுவினர் 2006இல் காட்டியது இதைத்தான்: மிகுதியாக உருமாறிய பாறைகளில் தங்கமும் ஆர்சனிக்கும் கணிசமாகக் குறைந்திருந்தன. ஒட்டாகோ பெரும்பாலும் வண்டல்வழிப் பாறை, கோலார் எரிமலைப் பாறை என்பதை மறந்துவிடக் கூடாது. வழிமுறை ஒன்று என்றுதான் சொல்லலாம். அளவு ஒன்று என்று சொல்ல முடியாது.

5. வழி

விடுபட்ட நீர் பாறையின் துகள்களுக்கிடையே சிதறிக் கிடந்தால் எந்தப் பயனும் இல்லை. அதைத் திரட்டி ஒரு மீட்டர் அகல வெடிப்புக்குள் செலுத்த வேண்டும். இங்கேதான் இரண்டாம் பகுதியில் சொன்ன தையல் உதவுகிறது. இரண்டு நிலத்துண்டுகள் ஒன்றையொன்று நெருக்கிய எல்லையில் பிளவுப் பெயர்ச்சிகள் ஆழமாக வேரோடியிருந்தன.

பத்து கிலோமீட்டர் ஆழத்தில் மேலிருக்கும் பாறையின் பாரம் ஏறத்தாழ 2,650 பார். கீழிருந்து வரும் நீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி அந்தப் பாரத்தை எட்டும்போது, பாறையின் பிடிமானம் தளர்ந்து பிளவு நழுவுகிறது. நிலம் நடுங்குகிறது. நழுவிய பிளவு நீருக்கு வழிவிட, அழுத்தம் சட்டென்று விழுகிறது. அழுத்தம் விழுந்தால் நீர் கரைத்து வைத்திருந்த சிலிகாவைத் தாங்காது. குவார்ட்ஸ் படிந்து பிளவை அடைக்கிறது. மறுபடி அழுத்தம் ஏறுகிறது. சிப்சன், ராபர்ட், பௌல்சன் மூவரும் 1988இல் இதைப் பிளவு-வால்வு என்று விளக்கினர். சாம்பியன் இழையின் கருங்கோடுகளை இப்போது படிக்க முடிகிறது: ஒவ்வொரு கோடும் ஒருமுறை வெடித்து ஒருமுறை அடைத்ததன் தழும்பு. ஆயிரக்கணக்கான சிறு நடுக்கங்கள் சேர்ந்து ஓர் இழை.

இந்த அழுத்த வீழ்ச்சி எவ்வளவு கடுமையானது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வெதர்லியும் ஹென்லியும் 2013இல் 'நேச்சர் ஜியோசயின்ஸ்' இதழில், பிளவின் வளைவுகளில் திடீரெனத் திறக்கும் பொந்துகளில் நீர் நொடியில் ஆவியாகிவிடும் என்று வாதித்தனர். 2024இல் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வேறொன்று சொன்னார்கள். குவார்ட்ஸை நெருக்கினால் அதில் மின்னழுத்தம் பிறக்கும். நடுக்கத்தின்போது பிறக்கும் அந்த மின்னழுத்தம் கரைசலிலுள்ள தங்கத்தைப் படியச்செய்து, ஏற்கெனவே படிந்த தங்கத்தின் மேலேயே மேலும் சேர்க்கும் என்பது அவர்கள் ஆய்வகத்தில் காட்டியது. குவார்ட்ஸுக்குள் தங்கம் ஏன் கட்டியாகச் சேர்கிறது என்பதற்கு இது அழகான விளக்கம். ஆனால் கந்தகத்தின் இடத்தை இது பிடிக்காது. முதலில் தங்கம் அங்கு வந்து சேர வேண்டும்.

6. இறங்குமிடம்

தங்கம் இறங்குவதைக் கண்ணெதிரே பார்த்த இடங்கள் உண்டு. நியூசிலாந்தின் பிராட்லாண்ட்ஸ் நிலவெப்பக் களத்தில் மின்சாரத்துக்காகக் கிணறு தோண்டினார்கள். மேலே வந்த நீரில் தங்கம் கிட்டத்தட்ட இல்லை என்றே சோதனைகள் காட்டின. கெவின் பிரவுன் கிணற்றின் குழாய்க்குள் இருந்த உலோகத் தகடுகளைக் கழற்றிப் பார்த்தார். ஓட்டத்தைக் கட்டுப்படுத்த நடுவில் துளையிட்டு வைத்த தகடுகள் அவை. துளையைத் தாண்டியதும் அழுத்தம் விழுந்து நீர் கொதிக்கும். அந்த இடத்தில் தகட்டின்மேல் தங்கமும் வெள்ளியும் கலந்த படிவு அப்பியிருந்தது. 1986இல் அவர் இதை வெளியிட்டார். ஆழத்து நீரில் இருந்த தங்கம் டன்னுக்கு ஒன்றரை மில்லிகிராம் அளவுதான். அது முழுக்கக் குழாயிலேயே இறங்கிவிட்டதால் வெளியே அளந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கொதித்தால் ஏன் இறங்குகிறது? நீர் கொதிக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு நீரை விட்டு ஆவிக்குத் தாவுகிறது. பிடித்திருந்த ஈனி போய்விட, தங்கம் உலோகமாக நிற்கிறது. அவ்வளவுதான். ஜப்பானின் ஹிஷிகாரி போன்ற இளம் எரிமலைப் பகுதி இழைகளில் நடந்ததும் பெரும்பாலும் இதுவே.

பாப்புவா நியூகினியின் லிஹிர் தீவில் அளவே வேறு. உறங்கும் எரிமலையின் அடியில் ஒரு கிலோமீட்டருக்கும் கீழே சிம்மன்சும் பிரவுனும் எடுத்த நீரில் டன்னுக்குச் சுமார் 15 மில்லிகிராம் தங்கம் இருந்தது. ஓட்டத்தை வைத்து ஆண்டுக்கு 24 கிலோ தங்கம் மேலேறுகிறது என்று கணித்து, அங்குள்ள ஏறத்தாழ 1,300 டன் தங்கம் சேர 55,000 ஆண்டுகள் போதும் என்று 2006இல் எழுதினார்கள். நிலவியல் காலத்தில் இது ஒரு சிமிட்டல். லிஹிரில் நீரே பாறைக்குழம்பிலிருந்து பிரிந்த உப்புநீர். எரிமலை தங்கத்தைக் கொடுத்தது என்று நேராகச் சொல்லக்கூடிய இடம் அது. கோலாரை அதோடு சேர்த்துப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது.

கோலாரின் ஆழத்தில் நீர் வீட்டுப் பானையில் கொதிப்பதுபோல் கொதிக்காது; அழுத்தம் மிக அதிகம். ஆனால் கரியமில வாயு கலந்த நீர், அழுத்தம் விழும்போது வாயு ஒருபுறம் நீர் ஒருபுறமாகப் பிரியும். அப்போதும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுப் பக்கம் போகும். கொதிப்பதன் பலன் வேறு வழியில் கிடைத்துவிடுகிறது. நீர் மிகுந்த குமிழியும் வாயு மிகுந்த குமிழியும் ஒரே குவார்ட்ஸில் அருகருகே சிக்கியிருப்பது இப்படிப் பிரிந்ததற்கான தடயம். கோலார் குவார்ட்ஸை ஆராய்ந்தோர் இதை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

கந்தகத்தைப் பறிக்க இன்னொரு கை உண்டு. அது இரும்பு. பசால்ட்டில் இரும்பு ஆக்சைடு எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். சுற்றியுள்ள நைஸில் சில விழுக்காடுதான். வெப்பநீர் பிளவின் சுவரில் ஊறும்போது அதிலுள்ள கந்தகம் இரும்போடு சேர்ந்து பைரைட்டாகவோ பிர்ரோடைட்டாகவோ மாறுகிறது. தங்கம் அனாதையாகிச் சுவரிலேயே இறங்குகிறது. ஆஸ்திரேலியாவின் கால்கூர்லியில் கோல்டன் மைல் எனப்படும் பெரும் படிவு இரும்பு மிகுந்த டோலரைட்டுக்குள் இருப்பது தற்செயல் இல்லை.

முதற்பகுதியில் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் கிடைத்துவிடுகிறது. நைஸுக்குள் ஓடும் வெங்கச்சங்கல் இழையைப் படியவைத்த நீரிடம் ஒருவேளை கந்தகமே இருந்திருக்காது. இருந்திருந்தாலும் அதைப் பறிக்கும் அளவுக்கு இரும்பு சுவரில் இல்லை. சிலிகா இறங்க வெப்பமும் அழுத்தமும் குறைந்தால் போதும்; தங்கம் இறங்க நீர் கந்தகத்தைத் தொலைக்க வேண்டும்.

7. இரண்டு இழைகள், இரண்டு வழிகள்

கோலாரின் இரு வகைத் தாதுவையும் கந்தகம் இழந்த இரண்டு வழிகளாகப் படிக்கலாம் என்பது என் கருத்து. சாம்பியன் இழையில் தங்கம் பெரும்பாலும் தனி உலோகமாக இருக்கிறது, சல்ஃபைடு சொற்பம். கந்தகம் கனிமமாக அங்கே தங்கவில்லை. வாயுவோடு மேலே போய்விட்டது. மேற்கத்திய இழைகளில் கந்தகம் எங்கும் போகவில்லை, இரும்பில் சிக்கிப் பிர்ரோடைட்டாக அங்கேயே கிடக்கிறது. முதலாவது பிளவு திறந்து மூடிய இடம். இரண்டாவது இரும்புக்கல் பட்டை ஓடிய இடம்.

சாம்பியன் இழையிலும் தங்கம் சீராகப் பரவியிருக்கவில்லை என்பது இதோடு ஒத்துப்போகிறது. வளமான தாது சாய்வான தூண்களைப்போல ஆழத்துக்கு இறங்கும். ஒரு தூணுக்கும் அடுத்ததற்கும் நடுவே அதே நிறக் குவார்ட்ஸ், தங்கமில்லாமல். இழை வளையும் இடங்களிலும் மடியும் இடங்களிலும் பிளவு நழுவும்போது பொந்து பெரிதாகத் திறக்கும். அங்கே அழுத்தம் அதிகம் விழும், வாயு அதிகம் பிரியும். வளைவில்லாத பகுதியில் சிலிகா மட்டும் இறங்கும். சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்த வேதியியல் தேவைப்படவில்லை. இழை எங்கே மடிகிறதோ அங்கே கூலிக்கு மேல் கிடைக்கும் என்பது கம்பெனிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

8. காலமும் வழக்கும்

தங்கம் பாறைக்குப் பின்னால் வந்தது என்பதற்குக் காலக்கணிப்பும் துணை நிற்கிறது. கோலாரையும் உள்ளடக்கிய கிழக்குத் தார்வார் பகுதியின் இன்னொரு பெரிய சுரங்கமான ஹட்டியில், தாதுவோடு சேர்ந்து வளர்ந்த மொனசைட் கனிமத்தைக் கணித்ததில் சுமார் 254.7 கோடி ஆண்டுகள் என்று கிடைத்தது. கோலாரின் கிழக்கு நைஸ் ஏறத்தாழ 253 கோடி ஆண்டுகள் பழையது. நிலத்துண்டுகள் ஒட்டியதும், கருங்கல் குழம்பு ஏறியதும், பசால்ட் வெந்ததும், தங்கம் நகர்ந்ததும் கிட்டத்தட்ட ஒரே கொந்தளிப்பின் பகுதிகள். பசால்ட் அதற்குப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது.

மேற்கத்திய சல்ஃபைடு இழைகளைப் பற்றிய வழக்கு மட்டும் தீரவில்லை. அவை கடலடி எரிமலைக் காலத்திலேயே வெந்நீர் ஊற்றுகளிலிருந்து இரும்புக்கல்லோடு சேர்ந்து படிந்தவை, தங்கமும் அப்போதே வந்தது என்று ஒரு தரப்பு சொல்கிறது. இன்றும் கடலடியில் கரும்புகை கக்கும் ஊற்றுகள் சல்ஃபைடைப் படியவைப்பதை அவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். இரும்புக்கல் முன்பே இருந்தது, தங்கமும் கந்தகமும் பிளவு வழியாகப் பிற்பாடு வந்து அதில் சிக்கின என்பது மறுதரப்பு. நான் நடுவில் நிற்கிறேன், இரண்டையும் சமாதானப்படுத்த அல்ல. கடலடியில் படிந்த சல்ஃபைடு கொஞ்சம் இருந்திருக்கலாம். அதில் கொஞ்சம் தங்கமும் இருந்திருக்கலாம். ஆனால் வெட்டி எடுக்கும் அளவுக்கு அதைச் செறிவாக்கியது பின்னால் வந்த நீர் என்றே கருதுகிறேன்.

இதைச் சோதிக்க வழி இருக்கிறது. தங்கம் கடலடியிலேயே வந்திருந்தால் இரும்புக்கல் அடுக்கு நெடுகிலும், அது மடிந்த இடத்திலும் மடியாத இடத்திலும், ஓரளவு ஒரே மாதிரி இருக்க வேண்டும். பின்னால் வந்திருந்தால் அடுக்கைப் பிளவு வெட்டும் இடங்களில் மட்டும் ஏறி, தள்ளிப் போகப் போகக் குறைய வேண்டும். சுவரிலுள்ள இரும்புக் கனிமங்களும் அங்கே மட்டும் சல்ஃபைடாக மாறியிருக்க வேண்டும். தங்கவயலின் ஆழங்கள் 2001இல் மூடப்பட்டுவிட்டன. ஆனால் பட்டையின் தெற்குப் பகுதியில், சிகர்குண்டாவிலிருந்து மகாராஜகடை வரை, இரும்புக்கல்லும் பிளவுகளும் மேற்பரப்பிலேயே தெரிகின்றன. துளையிட்டு எடுக்கும் பாறைக்குச்சிகளில் தங்கத்தை மட்டும் அளந்து பட்டியலிடாமல், அடிக்கு அடி கந்தகத்தையும் இரும்பின் நிலையையும் சேர்த்து அளந்தால் இந்த வழக்கை அங்கேயே தீர்க்கலாம்.